தெற்குச் சுவரில் மூன்றடி

அவளை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது இந்தக் கண்ணாடி வழியாகத்தான் சார். இது ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு. நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு அறைச் சுவரில் பதித்தது. அவள் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஓர் ஓட்டம் பாக்கி இருக்கிறது என்று நான் இந்தப் பக்கம் நின்று விரலைக் காட்டினேன். தலையை ஆட்டினாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அப்போது காலை பதினொன்று இருபது. என் மனைவி வசந்தாமணியைச் சொல்கிறேன். பதினான்கு மாதம் ஆகிறது.

உட்காருங்கள் சார். அந்த நோட்டீஸை மேஜைமேல் வையுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வாங்கிக்கொண்டேன் என்றுதான் போடுவேன், ஒத்துக்கொண்டேன் என்று போடமாட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் ஆபீஸர்.

என்ன எழுதியிருக்கிறது இதில்? தெற்குச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி திறப்பு இருக்கிறது, அது வழியாகச் சத்தம் குடியிருப்புக்குள் போகிறது, பதினைந்து நாளில் அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் கரண்டைத் துண்டிப்போம். சரி. துண்டித்துக்கொள்ளுங்கள். அடைக்க மாட்டேன். பதினைந்து நாள் கழித்து வந்தாலும் இதையேதான் சொல்வேன், உங்களுக்கு வீண் பெட்ரோல்.

காரணம் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. இந்த வீதியில் எல்லோரும் ஒரு காரணம் நினைத்து வைத்திருக்கிறார்கள், அது தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பட்டறையில் இருப்பது டைனோ. என்னவென்று தெரியுமா சார்? தெரியாமல்தான் நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள், பரவாயில்லை. தரைக்குள் ஓர் இரும்பு உருளை. அதன்மேல் பைக்கின் பின்சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, நான்கு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, வண்டியை முழு வேகத்தில் முறுக்க வேண்டும். வண்டி ஓடும், இடத்தை விட்டு நகராது. அதுதான் ஓர் ஓட்டம். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதைப் பார்த்து, அந்த எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். ரேஸ் ஓட்டுகிறவர்களும், கார்புரேட்டர் மாற்றுகிறவர்களும், புது சைலன்ஸர் போட்டவர்களும் வருவார்கள். கோயமுத்தூரில் பெரிய கம்பெனிகளிடம் இருக்கிறது. தனி ஆள் ஒருத்தன் சொந்தமாகச் செய்துவைத்தது என்றால் அது நான்தான். உருளை, மூடிப்போன ஒரு மில்லின் ஏலத்தில் எடுத்தது. முந்நூற்று நாற்பது கிலோ. நானே லேத்தில் கடைந்தேன். படித்தது ஒன்பதாவது. பம்ப்செட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டர்னர். மீதியெல்லாம் கேட்டு, பார்த்து, கெடுத்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வந்தவர்களையும் நான் கிட்டே விட்டதில்லை.

இந்த வேலையில் எஞ்சின் பெரிய விஷயமே இல்லை சார். அறைதான் விஷயம். புகையும் சத்தமும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. புகை வெளியே போக ஓட்டை வேண்டும். சத்தம் வெளியே போகாமல் இருக்க ஓட்டையே இருக்கக் கூடாது. முதலில் கட்டியபோது, வடக்குச் சுவரில் புகையை இழுத்துத் தள்ள இரண்டடி விசிறி வைத்தேன். சைலன்ஸர் வாய்க்குப் பின்னால் ஒரு தடித்த குழாய், ஒரு ஜாண் தள்ளி. ஒட்டி மாட்டக் கூடாது, ஒட்டினால் எஞ்சினின் சக்தி அளவு மாறிவிடும். தெற்குச் சுவரில் காற்று உள்ளே வர ஒரு ஜன்னல். அப்படித்தான் ஐந்து வருஷம் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

பிறகு பக்கத்து வீட்டை சுகந்தி டீச்சர் வாங்கினார். பார்த்திருப்பீர்கள், மஞ்சள் வீடு. வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறார், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை. முப்பது பிள்ளைகள். அவர் டியூஷன் எடுக்கிற ஹாலுக்கும் என் தெற்கு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சந்து. அவ்வளவுதான். ஒரு நாள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குக் கணக்கு காதில் விழவில்லையாம், ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

ரேஸ் ஓட்டுகிற ஆட்கள் எப்போது வருவார்கள் சார்? வேலை முடித்துச் சாயங்காலம்தான் வருவார்கள். வசந்தாமணி விட்டுக்கொடுக்கலாம் என்றாள். "ரெண்டு மணி நேரந்தானுங். நாமளும் போய் டீ குடிச்சுட்டு வந்த மாதிரி ஆச்சு" என்றாள். நான் அவளிடம் சொன்னேன், இன்றைக்கு இரண்டு மணி நேரம் கேட்பார்கள், நாளைக்கு இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். ஒரு தடவை குனிந்தால் முதுகு அப்படியே நின்றுவிடும். என் இடத்தில் நான் எப்போது வேண்டுமானாலும் ஓட்டுவேன். சத்தம்தானே பிரச்சினை? சத்தமே வராமல் செய்துகாட்டுகிறேன்.

செய்தேன் சார்.

நிறையப் பேர் முட்டை அட்டையை ஒட்டுவார்கள். அது ஒன்றுக்கும் உதவாது, பார்க்க அழகாக இருக்கும். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழுப்பி நடுவில் ஆற்று மணல் கொட்டினேன். உள்பக்கம் கண்ணாடிப் பஞ்சு வைத்துத் துணி அடித்தேன். கதவு இரண்டு அடுக்கு, சுற்றிலும் கார் கதவுக்குப் போடுகிற ரப்பர். கேபிள் வருகிற ஓட்டையைக்கூட எம்சீல் வைத்து அடைத்தேன். தெற்கு ஜன்னலைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்துப் பூசினேன். பங்குனி மாதம் வேலை முடிந்தது. ஒரு வண்டியை உள்ளே முழு முறுக்கு முறுக்கச் சொல்லிவிட்டு நான் சந்தில் போய் நின்றேன். டீச்சர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அது கேட்டது சார். என் வண்டி கேட்கவில்லை.

டீச்சரே வந்து, நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். விசிறி ஓடும்போது கதவைத் திறக்க முடியாது. சட்டத்தோடு கவ்விக்கொள்ளும். வெளியே தள்ளித் திறக்கிற கதவு, வசந்தாமணி உள்ளேயிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் அசையும். விசிறியை நிறுத்தினால் உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுத் தானாகத் தளரும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டுவேன். எவ்வளவு இறுக்கமாக அடைத்திருக்கிறேன் பாருங்கள் என்று. ஒரு ஊசி போக வழி இருந்தால் கதவு இப்படிப் பிடிக்குமா?

பெனடிக்ட் என்று ஒருத்தர் வருவார். ரேஸ் ஓட்டுகிற ஆள், முப்பது வயது இருக்கும், நல்ல கை. அவர் அந்தக் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். விசிறிக்கு வெளியே போய் நின்று, காற்று தள்ளத் தள்ளத் திறக்கிற அந்தத் தகரத் தட்டிகளைப் பார்த்தார். முன்பெல்லாம் படுக்கையாகத் திறந்து நிற்கும், இப்போது பாதி திறந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டிருந்தேன்.

"அண்ணா, வெளிய தள்றீங்க, செரி. உள்ள வர்றது எங்க?" என்றார்.

"நீங்க ரேஸ் ஓட்டுங்க. ரூம் கட்றத நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வண்டி ஓடும்போது உள்ளே நிற்கமாட்டார், வெளியே போய் நின்றுகொள்வார். சத்தத்துக்குப் பயம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

வசந்தாமணிக்குத் தலைவலி வந்தது அதற்குப் பிறகுதான். நான் வண்டிமேல் உட்கார்ந்து முறுக்குவேன், அவள் கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டிக் கோட்டைப் பதிவு செய்வாள். ஓட்டம் முடிந்ததும் நான் வண்டிக்காரரோடு பேச வெளியே வந்துவிடுவேன். அவள் உள்ளேயே இருந்து அடுத்த ஓட்டத்துக்கு எல்லாம் தயார் செய்வாள். பத்தாவது படித்தவள், கம்ப்யூட்டரைத் தானாகக் கற்றுக்கொண்டாள், என்னைவிடச் சீக்கிரம். நெற்றியில் பட்டி கட்டி இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். குமட்டுகிறது என்பாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், கண்ணாடி போட்டார்கள். குறையவில்லை. எனக்கும் கொஞ்சம் தலை வலிக்கும், அது டீ குடிக்காததால்.

நான் சும்மா விட்டவன் இல்லை சார். கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. பொள்ளாச்சியில் அவள் அக்கா வீட்டுக்குப் போவோம். அன்றைக்குத் தலைவலி இருக்காது. திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி வந்துவிடும். இதிலிருந்து என்ன தெரிகிறது? சத்தம்தான் காரணம். அறையை இவ்வளவு அடைத்தபிறகு சத்தம் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுகிறது, அது அவள் காதில் இறங்கி மண்டையைக் குடைகிறது. அதனால் அவளுக்காக உள்ளேயும் ஒரு தடுப்பு வைத்தேன். கம்ப்யூட்டர் மேஜையைச் சுற்றி பிளைவுட், பஞ்சு, ஒரு சின்னக் கூண்டு மாதிரி, இந்தக் கண்ணாடிப் பக்கம் மட்டும் திறந்து. ஒரு ஆள் உட்காருகிற அளவு. அறைக் கதவுக்குக் கீழே ஒரு நூல் இடைவெளி இருந்தது, அதையும் ரப்பர் வைத்து மூடினேன். யார் சார் பொண்டாட்டிக்காக இப்படி மெனக்கெடுவார்கள்?

அவள் இன்னொன்றும் சொன்னாள். "ஏனுங், எந்த வண்டி வந்தாலும் மொத ஓட்டத்துல ஒரு சக்தி காட்டுது, மூணாவது ஓட்டத்துல எளச்சுப் போகுது. அத்தன வண்டிக்கும் ஒரே சீக்கா?" என்றாள். உண்மைதான். பதினேழு புள்ளி எட்டு காட்டுகிற வண்டி மூன்றாவது தடவை பதினாறு புள்ளி ஒன்பது காட்டும். எஞ்சின் சூடு அம்மிணி, என்றேன். "போன வருசமும் எஞ்சின் சூடாத்தான் இருந்துச்சு" என்றாள். நான் சிரித்தேன். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் மறுநாளிலிருந்து வண்டிக்காரர்களுக்கு முதல் ஓட்டத்தின் கோட்டைத்தான் அச்செடுத்துக் கொடுத்தாள். கெட்டிக்காரி.

ஆவணி மாதம் அது நடந்தது. வந்தவர் புது ஆள். இரண்டு ஓட்டம் முடிந்தது. மூன்றாவதுக்கு முன்னால் எண்ணெய்ச் சூடு இறங்கிவிடக் கூடாது என்று வண்டியை மெதுவாக ஓடவிட்டுவிட்டு வெளியே வந்தேன். அது எப்போதும் செய்வதுதான். எல்லோரும் செய்வதுதான். வண்டிக்காரர் சைலன்ஸர் விஷயமாக என்னிடம் வாக்குவாதம் செய்தார். பேசிக்கொண்டே எதிர் பேக்கரிக்குப் போய் டீ சொன்னோம். அங்கிருந்து வண்டி ஓடுகிறதா இல்லையா என்று கேட்காது. அந்த அளவுக்கு அடைத்திருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேஜைமேல் கையை மடக்கித் தலையைச் சாய்த்திருந்தாள். தலைவலி, கொஞ்சம் கண் அசந்திருக்கிறாள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டிக்காரருக்குப் பழைய கோடுகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஏழெட்டு நிமிஷம். அப்போது அவளுக்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் முதலில் சொன்னேன், கடைசியாக உயிரோடு பார்த்தது பதினொன்று இருபதுக்கு என்று. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைத்தான் சொல்வேன்.

உள்ளே போனபோது வண்டி தானாக நின்றிருந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். டேங்கில் பெட்ரோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்று எழுதிக்கொடுத்தார்கள். சர்ட்டிபிகேட் உள்ளே பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன். ஹார்ட். அவள் அப்பாவும் ஹார்ட்டில்தான் போனார். அந்த டாக்டர் சின்ன வயசு. அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நல்ல சிவப்பாக இருந்தது, கல்யாணத்தன்று இருந்த மாதிரி.

"வீட்ல ஜெனரேட்டர் ஏதாவது ஓடிச்சுங்களா? புகை ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

என்ன தப்பு சார் அதில்? எங்களிடம் ஜெனரேட்டர் கிடையாது. புகையும் கிடையாது. அந்த அறையில் வந்து பாருங்கள், வெள்ளைச் சுவர், ஒரு கரும்புள்ளி இருக்காது. புகை இருந்தால் கண்ணுக்குத் தெரியாதா, மூக்குக்குத் தெரியாதா? கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். அவர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிவிட்டார்.

சாவுக்கு பெனடிக்ட் வந்தார். மாலை போட்டார். வாசலில் நின்று அந்தத் தெற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் என்ன இருக்கிறது பார்க்க? அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. வீதியில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடைத்தே கொன்றுவிட்டான் என்று பேசுகிறார்கள். பேசட்டும். சர்ட்டிபிகேட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா?

காரியம் முடிந்த மறுநாள் அந்தச் சுவரை இடித்தேன். ஆள் வைக்கவில்லை, நானே சம்மட்டி எடுத்தேன். வெளிச்சுவர், மணல், உள்சுவர். மணல் சரிந்து சந்தெல்லாம் பரவியது. ஏன் இடித்தேன் என்றால், உள்ளே வெக்கை. காற்றோட்டத்துக்காக இடித்தேன். வேறொன்றும் இல்லை. ஐந்து வருஷம் ஜன்னல் இருந்த இடம்தானே. ஜன்னல் இரண்டடிதான், இதை மூன்றடியாக இடித்தேன்.

இடித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் தன் ஹால் வாசலில் வந்து நின்றார். பிள்ளைகளை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ரொம்ப நேரம் நின்றார். ஓட்டை விழுந்ததும் அது வழியாக நாங்கள் இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா, நான் ரெண்டு மணி நேரந்தானுங்களே கேட்டேன். செவுத்த அடைக்கச் சொல்லி நான் சொல்லலீங்களே" என்றார்.

நான் அடுத்த செங்கல்லைத் தட்டினேன். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார். அன்றைக்கு அவர் என் வாசலுக்கு வராமல் இருந்திருந்தால் நான் ஏன் ஒரு செங்கல் வாங்கப்போகிறேன்? அழுதார். அழட்டும். வசந்தாமணியோடு நன்றாகப் பழகியவர்தான், சந்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்காக உள்ளதை இல்லை என்று சொல்ல முடியுமா?

இப்போது உங்களுக்கு வந்திருக்கிற மனுவில் பதினொரு கையெழுத்து இருக்கிறது என்றீர்கள். நீங்கள் திருப்பும்போது நான் பார்த்துவிட்டேன். பேக்கரிக்காரர் இருக்கிறார், மாடி வீட்டுக்காரர் இருக்கிறார், அந்தக் கோடியில் சத்தமே கேட்காத வீட்டுக்காரர் இருக்கிறார். டீச்சர் கையெழுத்து இல்லை. ஓட்டைக்கு நேரே இருப்பவர் அவர்தான். சத்தம் நேராகப் போய் அவர் கரும்பலகையில்தான் மோதுகிறது. இருந்தும் போடவில்லை. பயம் சார். நான் ஏதாவது கேட்டுவிடுவேன் என்ற பயம். டியூஷனைக்கூட மாடிக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பயம் இருக்கட்டும்.

நீங்கள் சொன்ன யோசனையையும் கேட்டுக்கொண்டேன். ஓட்டையை முழுக்க அடைக்க வேண்டாம், வளைந்து வளைந்து போகிற மாதிரி ஒரு காற்றுப் பெட்டி செய்து உள்ளே பஞ்சு ஒட்டினால் காற்று வரும், சத்தம் போகாது என்றீர்கள். நல்ல யோசனை. உங்களுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்கிறது, முதலில் தெரியாது என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தகரத்தில் நான் இரண்டே நாளில் செய்துவிடுவேன். அப்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அதை விடுங்கள்.

ஆனால் செய்ய மாட்டேன். அந்த ஓட்டைக்கு முன்னால் ஒரு துணி தொங்கக் கூடாது. கொசுவலைகூட நான் அடிக்கவில்லை. மழை வந்தால் சாரல் உள்ளே அடிக்கிறது, அடிக்கட்டும். ஒரு பூனை வந்து போகிறது, போகட்டும். கோர்ட்டுக்குப் போவீர்களா, போங்கள். ஜட்ஜ் முன்னாலும் நின்று சொல்வேன். கரண்டைத் துண்டித்தால் வாடகைக்கு ஜென்... வேறு ஏதாவது வழி பார்த்துக்கொள்வேன். அந்தச் சுவரில் இனி யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது, நான் இருக்கும்வரைக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்தாருங்கள். தேதியும் போட்டிருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? இப்போது உள்ளே ஓடுகிறது எந்த வண்டியா?

கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் சார். தள்ள வேண்டாம், ஒரு விரல் வைத்தால் போதும். உள்ளே வண்டி எதுவும் இல்லை. அன்றைக்கு இறக்கிய வண்டிதான் கடைசி, அதற்குப் பிறகு அந்த உருளைமேல் ஒரு சக்கரமும் ஏறவில்லை. காலை எட்டு மணிக்கு விசிறியைப் போடுகிறேன், இரவு எட்டு மணிக்கு நிறுத்துகிறேன். ஓடுவது விசிறி மட்டும்தான்.